சத்தம் போடாத பெட்டி

மேஜைக்குக் கீழே ஒரு மினி லாரி நின்றுகொண்டு இன்ஜினை நிறுத்த மறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014ல் வாங்கிய என் கம்ப்யூட்டர் கடைசி இரண்டு வருஷமாக அப்படித்தான் இருந்தது. ஸ்விட்சைப் போட்டால் சமையலறையிலிருந்து, ''ஏங்க, ஃப்ளைட் கிளம்பிடுச்சா?'' என்று குரல் வரும்.

முண்டியம்பாக்கத்தில் இருந்துகொண்டு சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, ஒரு பக்கம் ரயில், சீசனில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், ராப்பகலாக மெடிக்கல் காலேஜுக்கு விரையும் ஆம்புலன்ஸ்கள். நியாயம்தான். ஆனால் அதெல்லாம் வந்து போகிற சத்தம். மேஜைக்கடியில் இருப்பது போகாத சத்தம். நாம் அதைக் கேட்பதில்லை. அணைத்ததும் தலை லேசாகும்போதுதான் இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதே தெரிகிறது.

2025 அக்டோபர் 14ம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. மைக்ரோசாஃப்ட் மேலும் ஒரு வருஷத்துக்குத் தவணை கொடுத்தது, அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் இன்டெல்லில் 2017ல் வந்த எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டி.பி.எம். என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும். என்னிடம் இருந்தது நான்காம் தலைமுறை. கூட்டல் கழித்தலை அது இன்னும் சரியாகத்தான் போடுகிறது. கம்பெனிதான், 'இனி உன்னோடு பேச்சில்லை' என்று சொல்லிவிட்டது. நான் பத்திரிகைப் பக்கம் வடிவமைக்கிற மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். ஆக, எனக்கு வேறு வழியில்லை.

எனக்குத் தேவை இரண்டே வார்த்தை: அமைதி, மலிவு. கடைகளில் இந்த இரண்டும் ஒரே அலமாரியில் இருப்பதில்லை.

*

அமைதி எப்போதுமே பணக்காரச் சரக்கு. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறி என்றால் ஆகாது. 1980ல் வந்த ஆப்பிள் III விசிறியில்லாத பெட்டி. சூடு தாங்காமல் சில்லுகள் சாக்கெட்டிலிருந்து எழும்பிக்கொண்டன. 'பெட்டியை இரண்டு மூன்று அங்குலம் தூக்கி மேஜையில் போடுங்கள், சரியாகிவிடும்' என்று கம்பெனியே யோசனை சொன்னதாக ஒரு பிரசித்தமான கதை உண்டு. நம்மூரில் பழைய டி.வி.யைத் தட்டுவோமே, அதே வைத்தியம். 2000ல் அவரே 'ஜி4 க்யூப்' என்று விசிறியில்லாத, கண்ணாடி மாதிரியான பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பார்க்க அழகு. விலை 1,799 டாலர், மானிட்டர் தனி. ஒரே வருஷத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

மலிவு நம்முடைய துறை. இந்தியாவில் 'ஏழைகளுக்கான கம்ப்யூட்டர்' என்று ஒரு தனி இலக்கிய வகையே உண்டு. 2001ல் பெங்களூரு விஞ்ஞானிகளின் 'சிம்ப்யூட்டர்'. உலகமே பாராட்டியது, 2004ல் கடைக்கு வந்தபோது வாங்க ஆள் குறைவு. அதே காலகட்டத்தில் நம் சென்னையிலேயே 'நோவாட்டியம்' என்ற நிறுவனம், ஹார்டு டிஸ்க் இல்லாத ஒரு பெட்டியை நூறு டாலர் கணக்கில் கொண்டுவர முயன்றது. உங்கள் வீட்டில் பெட்டி, கணிக்கிற வேலை எங்கோ ஒரு சர்வரில். 2011 அக்டோபரில் 'ஆகாஷ்'. 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்.பி. மெமரி, அழுத்தி அழுத்தித் தொட வேண்டிய திரை. டெல்லியில் அறிமுக விழா பிரமாதமாக நடந்தது.

இவற்றை உருவாக்கியவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. தோற்றதற்குக் காரணங்களும் ஒன்றல்ல, பல. ஆனால் அடிப்படையில் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. ஏழைக்கு என்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் எதற்கு? பணக்காரனுக்கு முழுசு, ஏழைக்குப் பாதி என்ற கணக்கு அதில் ஒளிந்திருக்கிறது. வாங்குகிறவனுக்கு அது உடனே புரிந்துவிடுகிறது.

உண்மையில் இந்த நாட்டில் லட்சக்கணக்கான பேருக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட் பையன்கள். ஐ.பி.எம். 1981ல் தன் பி.சி.யின் பாகங்களை வெளிச்சந்தையிலிருந்து வாங்கிச் செய்தது. அதனால் மற்றவர்களும் அதே மாதிரி செய்ய முடிந்தது. அந்த வசதி தைவான் வழியாக மவுண்ட் ரோடு பக்கத்துச் சந்து வரை வந்து, 'அசெம்பிள்டு' என்ற புது ஜாதி பிறந்தது. மதர்போர்டு ஒருவருடையது, பிராசஸர் இன்னொருவருடையது, டப்பா யாருடையதோ. ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். யாரும் இதற்கு விழா எடுக்கவில்லை. மந்திரி வரவில்லை.

*

விழுப்புரத்தில் ஒரு கடைக்குப் போனேன். தம்பிக்கு இருபத்திரண்டு வயசிருக்கும்.

''பட்ஜெட் சொல்லுங்க சார்.''

''சத்தம் வரக்கூடாது தம்பி.''

''ஸ்பீக்கர்ல வால்யூம் கம்மி பண்ணிக்கலாம் சார்.''

அவன் மேல் தப்பில்லை. அதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. அவன் காட்டிய டப்பாக்களில் பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே ஆடி மாசத் திருவிழா மாதிரி சீரியல் லைட், முன்பக்கம் காற்றே நுழைய முடியாத பளபளப்பு அட்டை. 'கேமிங்' என்று பெயர். கூடவே எஸ்.எம்.பி.எஸ். இலவசம். கேபினட்டோடு இலவசமாக வருகிற எஸ்.எம்.பி.எஸ். சீர்வரிசையோடு வருகிற ஸ்கூட்டர் மாதிரி. யாரும் கேள்வி கேட்பதில்லை, சீக்கிரமே மக்கர் பண்ணும்.

சத்தத்தின் இயற்பியல் சுலபமானது. கம்ப்யூட்டர் தின்கிற மின்சாரமெல்லாம் கடைசியில் சூடாகிறது. சூட்டைக் காற்று சுமந்து போக வேண்டும். 80 மில்லிமீட்டர் விசிறியைவிட 120 மில்லிமீட்டர் விசிறி பரப்பில் இரண்டேகால் மடங்கு. அதனால் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். பத்து டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகத் தெரியும். ஆக சூத்திரம்: பெரிய விசிறி, சின்ன வேகம், திறந்த வாசல். கல்யாண மண்டபத்தில் பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றுவதையும், டீக்கடை டேபிள் ஃபேன் அலறுவதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நல்ல சேதி, சூடே குறைந்துவிட்டது. 2004ல் பென்டியம் 4 நூறு வாட்டைத் தாண்டி அடுப்பாகவே மாறியிருந்தது. அந்த வருஷம் இன்டெல் அதன் வாரிசாக வரவிருந்த சில்லையே கைவிட்டது. 2006ல் வந்த கோர் 2 டுயோ 65 வாட். 2023ல் வந்த என்100 என்கிற நாலு கோர் சில்லுக்கு 6 வாட்தான் கணக்கு, பாத்ரூம் எல்.இ.டி. பல்பு அளவு. நிமிஷத்துக்கு 7,200 தடவை சுற்றி உர்ரென்ற ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் இப்போது அசையாத எஸ்.எஸ்.டி.

ஒரு கணக்கு போடுவோம். பழைய பெட்டியைவிட புதுசு 60 வாட் குறைவாக இழுக்கிறது, தினம் எட்டு மணி நேரம் ஓடுகிறது என்றால், நம்ம ஊர் இரண்டு மாத ரீடிங்கில் 28.8 யூனிட் மிச்சம். 100 யூனிட்டில் கால்வாசிக்கு மேல்.

தம்பியும் நானும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். கிராஃபிக்ஸ் உள்ளேயே அடங்கிய 65 வாட் பிராசஸர். தனி கார்டு வேண்டாம். முன்பக்கம் வலை போட்ட, தூசி வடிகட்டி வைத்த கேபினட். இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறி. '80 ப்ளஸ்' முத்திரையுள்ள எஸ்.எம்.பி.எஸ். லைட் ஒன்று கூட வேண்டாம் என்றதும் அவன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

விசிறியே இல்லாமல் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் அந்த அறிவுரை எழுதுகிறவர்கள் குளிர் நாட்டில் இருக்கிறார்கள். கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும் ஊரில் மெதுவாகச் சுற்றும் ஒரு விசிறி ஆடம்பரமல்ல, அவசியம்.

*

இந்தப் பட்டியல் போட்டது 2025 ஆயுத பூஜை சமயம். 'தீபாவளி கழியட்டும்' என்று தள்ளிப் போட்டேன். பொங்கலுக்குப் போனால் மெமரி விலை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.

''ஏ.ஐ.க்காரன் எல்லாத்தையும் அள்ளிட்டான் சார்'' என்றான்.

சரியாகத்தான் சொன்னான். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை மொத்தமாக வாங்குகின்றன. தயாரிப்பாளர்களும் லாபம் அதிகமுள்ள அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில், கடையில் சில்லறையாக விற்கும் 'க்ரூஷியல்' மெமரி வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. எங்கோ ஒரு இயந்திரம் கவிதை எழுத, முண்டியம்பாக்கத்தில் ஒருவன் 16 ஜி.பி.க்குப் பதில் 8 ஜி.பி. வாங்கினான். அதற்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே குடியிருப்பவனுக்குச் சலுகை ஏதும் இல்லை.

இங்கேதான் எனக்குக் கவலை. தனியாக ஒரு மெமரி வாங்கிச் செருக முடியும் என்பதுதான் நாற்பது வருஷமாக மலிவின் ரகசியம். நிறைய லேப்டாப்களில் மெமரியைப் போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். சில்லறைக் கடை சுருங்கினால், திறக்க முடியாத பெட்டி மட்டும்தான் மிஞ்சும். அது கெட்டால் முழுசாகத் தூக்கிப் போட வேண்டும். கம்ப்யூட்டர் மலிவா இல்லையா என்பதை வாங்குகிற அன்றைய விலையை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் அதைத் திறக்க முடியுமா என்று பாருங்கள்.

*

பழைய பெட்டியைத் திறந்து பார்த்தோம். பிராசஸர் மேல் இருந்த ஹீட் சிங்க்கில் ரோட்டுத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. சூடு கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. பாவம், விசிறி மூச்சு முட்டக் கத்தியிருக்கிறது. அத்தனை சத்தத்தில் பாதி என் அலட்சியம் போட்ட சத்தம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தேனே தவிர, ஒரு பிரஷ் எடுத்துத் தட்டவில்லை.

தூசி தட்டி, புதுப் பேஸ்ட் வைத்து, விசிறியை மாற்றி, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி சின்னதாக ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றினோம். பதினோரு வருஷப் பெட்டி பூனை மாதிரி எழுந்தது. இப்போது பக்கத்து வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற பெண்ணிடம் இருக்கிறது. மூடியைத் திறந்து எது எது என்ன என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். சுத்தம் செய்யச் சொல்லி ஒரு பிரஷ்ஷும் சேர்த்து.

உங்கள் வீட்டிலும் ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். புதுசு வாங்கப் போகும் முன் பழசை ஒரு தடவை திறந்து பாருங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

என் புதுப் பெட்டி? சத்தமே இல்லை. ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல், ''அணைச்சுட்டீங்கன்னு நினைச்சேன்'' என்று வீட்டில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள். இந்தக் கட்டுரையின் முதல் பாதியை இரண்டு தடவை எழுதினேன்.