யார் சொன்னது?
‘கூறப்படுகிறது’ என்னும் சொல்லாட்சி பற்றிச் சில கருத்துகள்

தமிழ்ச் சங்க மலர்களில் வரும் ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வாக்கிய அமைப்பு மிகவும் பழகிப் போயிருக்கும். ‘தமிழே உலகின் மூத்த மொழி என்று கூறப்படுகிறது.’ ‘இக்கோயில் ஈராயிரம் ஆண்டு பழமையானது என நம்பப்படுகிறது.’ ‘இவ்வூர் அந்நாளில் பெருநகரமாக இருந்ததாகக் கருதப்படுகிறது.’ கூறுபவர் யார், நம்புபவர் யார், கருதுபவர் யார்? வாக்கியம் முடிந்துவிடுகிறது, ஆள் மட்டும் வருவதில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, இதனால் நாம் இழப்பது என்ன என்பதைச் சற்று ஆராயலாம்.

ஆங்கில இலக்கணத்தில் இதற்கு இரண்டு அச்சுகள் உண்டு. ‘இட் இஸ் செட் தட் ஹி லிவ்ட் ஹியர்’ என்பது ஒன்று. ‘ஹி இஸ் செட் டு ஹேவ் லிவ்ட் ஹியர்’ என்பது மற்றொன்று. ஆங்கில வாக்கியம் பொதுவாக எழுவாய் இல்லாமல் நிற்காது. ஆகவே முதல் அச்சில் பொருளே இல்லாத ‘இட்’ என்ற சொல்லை எழுவாய் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவதில், யாரைப் பற்றிப் பேச்சோ அவரே எழுவாயாகிவிடுகிறார். இரண்டிலும் சொன்னவர் இல்லை. ஆனாலும் ஆங்கிலேயர் இதில் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ‘செட்’ என்றால் பேச்சு. ‘பிலீவ்ட்’ என்றால் நம்பிக்கை. ‘அலெஜ்ட்’ என்றால் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு. ‘நோன்’ என்றால் உறுதி. நம் எழுத்தில் இவை பெரும்பாலும் ‘கூறப்படுகிறது’ என்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்டுவிடுகின்றன.

ஆங்கிலம் அறிந்தோரும் இந்த அமைப்பை முழுதாக நம்புவதில்லை. செய்வினையில் சொல்ல முடிந்த இடத்தில் செயப்பாட்டுவினை வேண்டாம் என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில் விதியாகவே வைத்தார். ஆங்கில விக்கிப்பீடியாவில் இத்தகைய வாக்கியம் கண்ணில் பட்டால் பக்கத்திலேயே ‘யாரால்?’ என்று குறி போட்டுவிடும் வழக்கம் இருக்கிறது.

செயப்பாட்டுவினை தமிழுக்குப் புதிதன்று. நம் இலக்கணத்தார் அதை அறிந்திருந்தார்கள். ஆனால் திராவிட மொழிகளில் அதற்கென்று தனி உருபு இல்லை என்பதையும், ‘படு’ என்ற துணைவினையைக் கொண்டே அது அமைகிறது என்பதையும் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். பேச்சுத் தமிழைக் கவனித்தாலே இது புரியும். ‘அவர் நேற்று வந்ததாகக் கூறப்படுகிறது’ என்று நம் வீட்டில் யாராவது பேசுவார்களா? ‘அவரு நேத்தே வந்தாராம்’ என்பதோடு சரி.

இந்த ‘ஆம்’ சாதாரணமான விகுதி அல்ல. இதன் அருமையை உணரக் குப்பம் வட்டாரத்துக்குத்தான் போக வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயில் பாதையில் குப்பத்தை அடுத்து வருவது குடுபல்லி. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்; கர்நாடகமும் தமிழ்நாடும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரே செய்தியை அங்கே தமிழர் ‘வந்தாராம்’ என்பார். தெலுங்கர் ‘வச்சாரட்ட’ என்பார். கன்னடர் ‘பந்தரந்தே’ என்பார். ஆம், அட்ட, அந்தே என மூன்று மொழியும் வாக்கியத்தின் வாலில் ஒரு சிறு ஒட்டை வைத்தே காரியத்தை முடித்துவிடுகின்றன. திராவிட மொழிகளை ஒருசேர ஆராய்வதற்கென 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் குப்பத்தில் அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

இந்த ஒட்டு சொல்வது என்ன? ‘நான் பார்க்கல, கேள்விப்பட்டேன்’ என்பதுதான். அதாவது, பேசுபவர் தன் நிலையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். ‘கூறப்படுகிறது’ என்பதோ எழுதுபவரையும் மறைக்கிறது, சொன்னவரையும் மறைக்கிறது. ரயிலடியில் வம்பு பேசுபவரிடம் இருக்கும் நேர்மை ஆய்வுக் கட்டுரையில் இல்லாமற் போவது வருந்தத்தக்கது.

எழுத்துத் தமிழுக்கும் முன்மாதிரி உண்டு. தொல்காப்பியர் முன்னோர் கருத்தைச் சொல்லும்போது என்ப, மொழிப, என்மனார் என்கிறார். மூன்றும் பலர்பால் செய்வினைகள். பல இடங்களில் ‘புலவர்’ என்று எழுவாயையும் சேர்த்தே சொல்கிறார். பெயர் குறிக்காவிட்டாலும் சொன்னவர்கள் மனிதர்கள் என்பது அங்கே தெளிவாக நிற்கிறது.

சரி, இதனால் என்ன நஷ்டம்? இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘குமரிக்கண்டம் கடலில் மூழ்கியதாகக் கூறப்படுகிறது.’ ‘கீழடி 2600 ஆண்டுகள் பழமையானது என்று கூறப்படுகிறது.’ இரண்டுக்கும் ஒரே சட்டை. இப்போது ‘யாரால்?’ என்று கேட்டுப் பாருங்கள். முதலாவதில், கடல்கோளையும் முச்சங்கத்தையும் சொல்வது இறையனார் களவியல் உரை. லெமூரியா என்ற பெயரைத் தந்தவர் 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார்; கண்டங்களே நகர்கின்றன என்பது நிலைபெற்றபின் அக்கருத்தை நிலவியலார் கைவிட்டனர். இரண்டாவதில், கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அதன் காலம் கி.மு. 580 என்று 2019இல் அறிக்கை வெளியிட்டது தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை. ஒன்று மரபுச் செய்தி. மற்றது அளந்து சொன்ன செய்தி. ‘கூறப்படுகிறது’ என்றதும் முன்னது தகுதிக்கு மேல் உயர்ந்துவிடுகிறது, பின்னது தகுதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நம்மிடம் உள்ள நல்ல சான்றை நாமே மலிவாக்கிக் கொள்கிறோம்.

ஊர் வரலாற்றிலும் இதே கதைதான். ‘குடுபல்லி முற்காலத்தில் தமிழூராக இருந்ததாகக் கூறப்படுகிறது’ என்று எழுதுவது எளிது. ஆனால், பெயரின் ஈறான ‘பல்லி’ தமிழில் பள்ளி, கன்னடத்தில் ஹள்ளி என வழங்குகிறது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்து, பிறகு ஆந்திர மாநிலத்துக்குப் போயிற்று. இப்படி எழுதினால் வாக்கியம் அடக்கமாக இருக்கும். யாராலும் அசைக்க முடியாது.

செயப்பாட்டுவினையே கூடாது என்பது என் வாதமல்ல. நீதிமன்றத்தில் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்ற சொல் ஒரு மனிதனின் மானத்தைக் காக்கிறது. தகவல் தந்தவரின் பெயரைப் பத்திரிகை மறைக்க நியாயம் இருக்கலாம். அப்போதும் ஆசிரியருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும். எழுதுபவருக்கே விடை தெரியாத ‘கூறப்படுகிறது’தான் குற்றம்.

இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் எதை எழுதினாலும் ஆதாரம் கேட்கப்பட்டுப் பழகியவர்கள். தமிழின் பெருமையை வகுப்பில் எடுத்துச் சொல்லும் பிள்ளையிடம் ‘யாரு சொன்னா?’ என்று ஆசிரியர் கேட்டால், ‘சங்க மலர்ல போட்டிருக்கு’ என்பது மட்டும் விடையாகிவிடக் கூடாது. ஆகவே மலருக்கு எழுதும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கூறப்படுகிறது’ என்று எழுதியதும் ‘யாரால்?’ என்று கேளுங்கள். நூல் என்றால் நூலின் பெயரைப் போடுங்கள். கல்வெட்டு என்றால் அது இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். ‘எங்க ஊர்ப் பெரியவங்க சொல்வாங்க’ என்பதுகூட நல்ல ஆதாரமே. அதை அப்படியே எழுதலாம். எதுவும் அகப்படவில்லையா? ‘ஆம்’ போட்டு எழுதுங்கள், படிப்பவர் புரிந்துகொள்வார்.