தரை டிக்கெட்டின் சுகம்

டூரிங் டாக்கீஸின் தரையில் கொட்டிப் பரப்பியிருப்பது ஆற்று மணல். சாயங்காலமானால் ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் கையால் தெளித்துவிட்டுப் போவார். புழுதி அடங்கும். பகலெல்லாம் கீற்றுக் கூரையின் கீழ் வெந்து கிடந்த மணலிலிருந்து ஈர வாசம் கிளம்பும். முதல் ஆட்டத்துக்கு முந்திக்கொண்டு உள்ளே போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற சுகம் அது. ஆட்கள் நிறைந்துவிட்டால் பீடிப் புகை அதை மூடிவிடும்.

சினிமாவுக்குக் கொடுக்கிற காசில் பாதிதான் படத்துக்கு. மீதிப் பாதி, படம் தொடங்கும் வரைக்கும், நடுவே நிற்கும்போதும், நம்மை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு. பழைய கொட்டகைக்காரர்கள் இந்த மீதிப் பாதியை நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது என் திடமான எண்ணம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்க் கொட்டகையில் தரை 25 காசு, பெஞ்சு 40 காசு, சேர் 75 காசு. தரையை நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று பிரிக்கும்: இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் சுவருக்கு மேலாகவே கைக்குழந்தையையும் முறுக்குப் பொட்டலத்தையும் கைமாற்றிக்கொள்வார்கள். சேர் டிக்கெட்காரர் வாங்கியது மடக்கு நாற்காலியும் முதுகுக்கு ஒரு சாய்மானமும். தரை டிக்கெட்காரருக்குக் கிடைத்தது மணல். அந்த மணலைக் கொண்டு என்ன செய்வது என்பது அவருடைய கைத்திறமை.

மணலைக் குவிப்பது ஒரு வேலைப்பாடு. இரண்டு கைகளாலும் சுற்றிலும் உள்ள மணலை வாரி நடுவில் கூட்ட வேண்டும். வெறுமனே கூட்டினால் உட்கார்ந்ததும் சரிந்துவிடும். ஈரம் உள்ள அடிமணலைத் தோண்டி எடுத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தி, மேலே துண்டை மடித்துப் போட வேண்டும். தோண்டின பள்ளத்தில் காலை விட்டுக்கொள்ளலாம். இப்போது அது கிட்டத்தட்ட ஒரு நாற்காலி. பின்னால் இருப்பவர், "தம்பி, மலையைக் கொஞ்சம் கரைப்பா" என்பார். கொஞ்சம் கரைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரும் அதைவிட உயரமாகக் குவிப்பார், அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் உயரமாக. எம்.ஜி.ஆர். படம் என்றால் விளக்கு அணைவதற்குள் தரை முழுக்க மேடும் பள்ளமுமாகிவிடும். 25 காசுக்கு ஒருவர் தன் இருக்கையைத் தானே கட்டிக்கொண்டு படம் பார்த்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் நிறைகிறது.

பக்கம் அடைப்பில்லாத கொட்டகை ஆனதால் இருட்டினால்தான் படம். அதற்கு முன்னால் ரெக்கார்டு போட வேண்டும். பனைமரத்திலோ மூங்கில் கம்பத்திலோ கட்டிய குழாய் ஸ்பீக்கரில் முதலில் சாமி பாட்டு, பெரும்பாலும் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டு. பிறகு சினிமாப் பாட்டுகள். சுற்று வட்டாரத்துக் கிராமங்களுக்கு அதுவே கடிகாரம். களத்துமேட்டில் நிற்கிறவருக்கு எந்தப் பாட்டு எத்தனையாவதாக வரும் என்று தெரியும். இந்தப் பாட்டு என்றால் மாட்டைக் கட்டலாம், அடுத்தது என்றால் சாப்பிட உட்காரலாம், அதற்கடுத்தது கேட்டால் ஓட வேண்டும். கடைசி ரெக்கார்டு நின்றுபோன அந்த நிசப்தத்தில் வரப்பில் நடையைக் கூட்டுகிறவர்களுடைய அவசரம் இருக்கிறதே, எந்த முன்னோட்டமும் அவ்வளவு ஆவலைத் தூண்டியதில்லை.

இந்தக் கொட்டகைக்குப் பெரிய வம்சாவளி உண்டு. திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரத் திரையரங்கே கட்டினார். அந்தத் தெரு இன்றும் வெரைட்டி ஹால் ரோடுதான்.

கொட்டகையில் நான் பார்த்துத் தீராத இடம் ஆபரேட்டர் அறை. ஆள் புழங்கவே இடமில்லாத சின்ன அறை. புரொஜெக்டரின் பின்பகுதியில், லாம்ப் ஹவுஸ் என்கிற இரும்புப் பெட்டிக்குள், செம்பு முலாம் பூசிய இரண்டு கார்பன் குச்சிகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். மின்சாரம் பாய்ந்து நுனியோடு நுனி தொட்டுப் பிரிகிற இடைவெளியில் கண்ணால் பார்க்க முடியாத வெள்ளை ஒளி. அதைக் கறுப்புக் கண்ணாடிச் சன்னல் வழியாகத்தான் பார்க்கலாம். குச்சிகள் எரிந்து தேயத் தேய இடைவெளி அகலும். ஒளி முதலில் மங்கும், பிறகு மஞ்சளாகும். ஆகவே ஆபரேட்டர் ஓயாமல் திருகைத் திருகிக் குச்சிகளை நெருங்கச் செய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் திரையில் கதாநாயகியின் முகம் மங்கும், தரையிலிருந்து விசில் பறக்கும். வெள்ளைத் திரையில் நாம் கண்ட ஒவ்வொரு முகத்துக்குப் பின்னாலும் இப்படி ஒரு கை அரை அங்குலத்துக்கும் குறைவான இடைவெளியைக் காத்துக்கொண்டிருந்தது. எரிந்து குட்டையான கார்பன் துண்டுகளும் வெட்டுப்பட்ட பிலிம் துண்டுகளும் வெளியே விழும். பையன்களுக்கு அவை பொக்கிஷம். பீஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி லென்ஸாக வைத்து, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, பிலிம் துண்டைச் சுவரில் படமாக்கியவர்கள் அந்தத் தலைமுறையில் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடம்தான் ஓடும். டவுன் தியேட்டர்களில் இரண்டு புரொஜெக்டர். ஒன்றில் சுருள் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னி மறையும், சில நொடி கழித்து இன்னொரு முறை. முதல் வட்டத்துக்கு அடுத்த எந்திரத்தை ஓட்ட வேண்டும், இரண்டாவதற்கு ஒளியை மாற்ற வேண்டும். நன்றாகப் பழகிய ஆபரேட்டர் மாற்றினால் கூட்டத்துக்கு எதுவும் தெரியாது. டூரிங் டாக்கீஸில் ஒரே புரொஜெக்டர் என்பதால், சில சுருள்களை ஒன்றாக ஒட்டி ஓட்டினாலும், அடுத்ததை மாற்றப் படத்தை நிறுத்தியே ஆக வேண்டும். இதனால் ஒரு படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளைகள். இதைக் குறையென்று அந்தக் கூட்டம் எண்ணியதே இல்லை. விளக்கு போட்டதும் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பையன்கள் மணலில் கால் புதைய வருவார்கள்: முறுக்கு, வேர்க்கடலை, இஞ்சி மரப்பா, கோலி சோடா. பாட்டுப் புத்தகமும் வரும். சோடாவை உடைக்கும் சத்தம் நாலு மூலையிலும் கேட்டு அடங்குவதற்குள், அதுவரை நடந்த கதையைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசி முடித்துவிடலாம். இவ்வளவு பேச இடம் கொடுத்த படக்காட்சி பிறகு எங்கும் இல்லை.

டவுனில் வேறு விதமான அழகு. மதுரையில் தங்கம் தியேட்டர் 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்கார இடம் இருந்தது. அப்படிப்பட்ட அரங்குகளில் திரைச்சீலை எழும் காட்சிக்காகவே சீக்கிரம் போய் உட்காருகிறவர்கள் உண்டு. சரிகை மினுங்கும் மடிப்புச் சீலை, கீழே வரிசையாக வண்ண விளக்குகள், ஒரு வாத்திய இசை. சீலை ஒரேயடியாக மேலே போகாது. மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, விளக்கு சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாற, இசை முடியும் இடமும் சீலை உச்சியைத் தொடும் இடமும் ஒன்றாக இருக்கும். உடனே நியூஸ் ரீல். அதன் பிறகு சென்சார் சான்றிதழ். படத்தின் நீளமும் ரீல் எண்ணிக்கையும் அதில் இருக்கும். "பதினெட்டு ரீல்!" என்று யாராவது உரக்க வாசிப்பார்கள், அரங்கம் கைதட்டும். கொடுத்த காசுக்கு எத்தனை ரீல் என்று எல்லோரும் சேர்ந்து சரிபார்த்துக்கொள்வது அது.

இன்று தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு வரம்பு உண்டு. 2017 அக்டோபரில் மல்டிபிளெக்ஸுக்கு உச்சக் கட்டணம் 150 ரூபாய் என்று வைத்தார்கள், வரி தனி. மும்பையிலும் டெல்லியிலும் வார இறுதியில் கேட்கிற விலையோடு பார்த்தால் இது நியாயமான விலை. ஆனால் நாலு பேர் குடும்பம் பாப்கார்னும் குளிர்பானமும் வாங்கினால் டிக்கெட் செலவை அது தாண்டிவிடுகிறது. வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரத் தடைபோட அரங்குகளுக்கு உரிமை உண்டு, ஆனால் குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படம் முன்னெப்போதையும்விடத் துல்லியமாகத் தெரிகிறது, ஒலி நெஞ்சுக்குள் இறங்குகிறது. அந்தப் பாதிக்குக் கொடுத்த காசு தகும். சென்னை சத்யம் அரங்கில் வெண்ணெய் விட்ட பாப்கார்னில் விருப்பப்பட்ட மசாலாத் தூளை நாமே தூவிக் குலுக்கிக்கொள்ளும்படி வைத்தார்களே, அதில் பழைய கொட்டகைக்காரர்களின் மனசு தெரிந்தது. மணலைக் குவித்ததுபோல அங்கேயும் வாங்குகிறவரின் கைக்கு ஒரு வேலை இருந்தது.

மீதிப் பாதியைத்தான் விளம்பரங்களுக்கு விட்டுவிட்டோம். திரை எப்போதும் திறந்தே கிடக்கிறது. நாம் உள்ளே நுழையும்போதே நகைக்கடையும் வீட்டுமனையும் அதில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சிற்றூர்களில் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒற்றைத் திரையரங்குகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு சீலை தொங்கவிடுங்கள். காட்சிக்கு முன் பத்து நிமிடம் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, உங்கள் ஊருக்குப் பிடித்த நாலு பாட்டைப் போடுங்கள், நாள்தோறும் அதே வரிசையில். டிக்கெட்டில் பத்து ரூபாய் கூட வைத்தாலும் தருகிறேன்.