குழாய்களை எண்ணாதீர்கள்

பைப் ஆர்கன் கேட்க வாருங்கள் என்று ஒரு நண்பரை வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறேன். "பெரிய சைஸ் ஆர்மோனியம்தானே சார், அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?" என்கிறார். இன்னொருவருக்கு ஆர்கன் என்றாலே பேய்ப்படம். இருவரும் ஒரு தடவைகூட அதன் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. எரிச்சல் வருமா, வராதா?

அடிப்படையை மளமளவென்று முடித்துவிடுகிறேன். துருத்தி காற்றைச் சேர்த்து வைக்கும். கட்டையை அழுத்தினால் ஒரு சின்னக் கதவு திறந்து குழாய் பேசும். ஸ்டாப் என்பது ஒரு குழாய் வரிசை, ஒரு தனிக் குரல். அதன்மேல் 8 அடி என்று எழுதியிருந்தால் கட்டையின் ஸ்தாயியிலேயே ஒலிக்கும். 16 அடி என்றால் ஒரு ஸ்தாயி கீழே. பிரின்சிபல், புளூட், ஸ்டிரிங், ரீட் என்று நான்கு குடும்பங்கள். போதும்.

நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனிக்கும் சாரட்டோகா ஸ்பிரிங்ஸுக்கும் நடுவே ரவுண்ட் லேக் என்றொரு சின்ன ஊர். மெதடிஸ்டுகள் கோடைக்காலக் கூட்டங்களுக்காக உண்டாக்கிய ஊர் அது. அங்கே ஒரு மரக் கூடம். அதற்குள் 1847-இல் செய்த ஆர்கன். நியூயார்க் நகரத்து கால்வரி தேவாலயத்துக்காகச் செய்தது. அவர்கள் புதிய ஆர்கனுக்கு மாறியதும், 1888-இல் இது இங்கே வந்து சேர்ந்தது. மூன்று கட்டை வரிசைகள், ஏறத்தாழ 2,000 குழாய்கள். 2016-இல் அமெரிக்க அரசு இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

இரண்டாயிரம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்களா? அந்தப் பழக்கத்தை விடுங்கள். குழாயை எண்ணுவது, கல்யாண வீட்டில் இலையில் எத்தனை பதார்த்தம் என்று எண்ணிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து வருவது மாதிரி.

கேட்க வேண்டியது விரலை. ரவுண்ட் லேக் ஆர்கன் டிராக்கர் வகை. கட்டைக்கும் காற்றுக் கதவுக்கும் நடுவே இருப்பது மெல்லிய மரப்பட்டிகள்தான். விரல் அழுத்த, பட்டி இழுக்க, கதவு திறக்கிறது. உள்ளே அடைபட்ட காற்று கதவை அழுத்திப் பிடித்திருக்கும். அந்த முரண்டு விரல் நுனிவரை வரும். இரண்டு கட்டை வரிசைகளைச் சேர்த்து இணைத்தால் கட்டைகள் இன்னும் கனக்கும். வாசிப்பவரின் தோளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிற்காலத்து மின்சார ஆர்கன்களில் கட்டை என்பது வெறும் சுவிட்ச். லிஃப்ட் பொத்தானை எவ்வளவு பாசமாக அழுத்தினாலும் லிஃப்டுக்குத் தெரியுமா? மின்சாரக் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஆர்கனில் ஓங்கி அழுத்தினாலும் ஒலி கூடாது. பியானோக்காரருக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை இங்கே இல்லை. சுரம் எப்போது தொடங்குகிறது, எப்படி முடிகிறது, அடுத்ததற்கு முன் எத்தனை இடைவெளி என்பதில்தான் வித்தை அத்தனையும். நல்ல டிராக்கரில் கதவை மெல்லச் சாத்தலாம், பட்டென்றும் சாத்தலாம். சுரத்தின் வாலைக் கேளுங்கள்.

இதைக் கேட்காமல், எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவிட்டு நாற்காலி அதிர்ந்தால் கைதட்டுகிறவர்களை என்னவென்று சொல்வது? பாக் எழுதியதாகச் சொல்லப்படும் டி மைனர் டொக்காட்டாவின் முதல் அரை நிமிஷத்தோடு ரசனை முடிந்துவிடுகிறது. விமர்சகர்கள் "பிரம்மாண்டம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். சினிமா விளம்பரத்துக்கு எழுத வேண்டிய சொல்!

நீங்கள் போனால், வாசிப்பவரின் கை தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். ஒற்றைப் புளூட் ஸ்டாப்பில் மெதுவாக ஒரு பாட்டு வரும். அக்கம்பக்கத்தார் இருமுகிற நேரம் அது. அப்போதுதான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். ஒரு தடவை, கச்சேரி முடிந்தபின் கெஞ்சிக் கேட்டு, இப்படியொரு பழைய டிராக்கரில் ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தேன். முதலில் முரண்டியது. பிறகு சட்டென்று வழிவிட்டது. தலைக்கு மேலே எங்கோ ஒரு மரக்குழாய் பேசத் தொடங்கியது. நான் விடாதவரை அதுவும் நிறுத்தாது. எப்படி விடுவது என்று தெரியாமல் விழித்தேன். கடைசியில் விரலைச் சுட்டுக்கொண்டவன் மாதிரி வெடுக்கென்று எடுத்தேன். சுரம் அறுந்து விழுந்தது.

பக்கத்தில் நின்ற ஆர்கன்காரர் சிரித்தார். அதே கட்டையை அழுத்தி, விட்டுக் காட்டினார்.