பணிப்பாளரும் இயக்குநரும்

சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் என் அட்டையை நீட்டினேன். முன்மேசையில் இருந்த தம்பி அதை இரண்டு தரம் வாசித்தார். "பணிப்பாளர்னா ஆபீஸ்ல வேலை பாக்குறவர்தானே சார்? முதலாளி வரலையா?"

யாழ்ப்பாணத்தில் நாங்கள் நடத்தும் சின்ன மென்பொருள் கம்பனியைப் போல அங்கேயும் ஒன்றைப் பதியப் போயிருந்தேன். முதலாளி நான்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "இங்க இயக்குநர்னு சொல்லுவோம் சார்" என்று அவரே திருத்தினார். எங்களூரில் இயக்குநர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் படம் எடுப்பவர்.

அன்றிலிருந்து சொற்களை எண்ணத் தொடங்கினேன். எங்கள் கணக்காய்வாளர் அங்கே தணிக்கையாளர். போர்க்காலப் பத்திரிகைகளின் வெற்றிடங்களைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தணிக்கை என்றாலே கத்தரிக்கோல்தான். பொதுநலவாய நாட்டவர் என்பதால் என் கையொப்பத்தை எங்கள் ஊர் நொத்தாரிசே உறுதிப்படுத்தினால் போதுமாம். "நோட்டரியா?" என்றார் தம்பி. எங்களூரில் காணி கைமாறுவதே நொத்தாரிசு முடிக்கும் உறுதியில். அவரை வெறும் நோட்டரி என்று சுருக்க எனக்கு மனமில்லை.

சட்டத்துக்கு வருவோம். எங்கள் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, தனியார் கம்பனிக்கு ஒரு பங்குதாரர், ஒரு பணிப்பாளர் போதும்; அவர் எந்த நாட்டில் குடியிருந்தாலும் சரி. செயலாளர் ஒருவர் மட்டும் கட்டாயம். இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ இருவரைக் கேட்கிறது. அதில் ஒருவர் நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். ஒருநபர் கம்பெனி உண்டு, ஆனால் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். நல்லவேளை, படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட மச்சான் ஒருவர் இருந்தார்.

தன்னோடு தரையெல்லை உள்ள நாட்டவரின் முதலீட்டுக்கு இந்தியா 2020இல் அரசு அனுமதியைக் கட்டாயமாக்கியது. பாக்கு நீரிணை எங்களைக் காப்பாற்றியது. இராமர் பாலத்தை யாரும் தரையென்று கணக்கெடுக்கவில்லை.

நியாயத்துக்குச் சொன்னால், 'ஸ்பைஸ் பிளஸ்' என்ற ஒரே விண்ணப்பத்தில் கம்பெனிப் பெயர், பதிவு, பான் எண், வருங்கால வைப்புநிதிப் பதிவு எல்லாம் முடிகின்றன. நாங்களோ 2018இல் இணையப் பதிவு வரும்வரை இரவு பஸ்ஸில் கொழும்புக்கு ஓடினோம். ஆனால் சென்னைக் கம்பெனியின் விண்ணப்பத்தைப் பார்ப்பவரும் அரியானாவின் மானேசரில்தான் இருக்கிறார்!

"உங்கட நாடு மட்டும் திறந்த வீடோ?" என்றார் மச்சான். வெளிநாட்டவர் இலங்கையில் சில்லறைக் கடை போட 50 இலட்சம் டொலர் முதல் காட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது எங்கள் பெட்டிக்கடைக்காரரைக் காக்கும் விதி என்று வாதாடினேன். "அப்ப 182 நாள் ஆரைக் காக்குது?" என்று சிரித்தார். தேநீரைக் குடித்தேன்.

இன்னொன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இலங்கையில் கம்பனி பிறந்தால் அந்த அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பத்திரிகையில் வர வேண்டும். எங்களுடையதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். சென்னைச் சான்றிதழில் தமிழைக் காணவில்லை. தமிழ்நாடு அதன் 21 இலக்க எண்ணுக்குள் 'டிஎன்' என்று இரண்டு ஆங்கில எழுத்தாக ஒதுங்கியிருந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம், யாழ்ப்பாணத்திலும் படிவங்களை நான் ஆங்கிலத்தில்தான் நிரப்பினேன் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறேன்.

சென்னையில் நான் ஏறி இறங்கியது அந்த ஒரே ஆடிட்டர் அலுவலகத்தின் படிகள்தான். இரண்டாம் முறை போனபோது புதிய அட்டை கொண்டுபோனேன்: ஒரு பக்கம் பணிப்பாளர், மறுபக்கம் இயக்குநர். எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்த்துத்தான் நீட்டினேன். தம்பி வாங்கிப் பார்த்தார், "வாங்க, பணிப்பாளர் சார்" என்றார். கேலியோ மரியாதையோ, சொல் சரியாக இருந்தது.