கடற்கரை மேடையில் ஒரு பரோக் கருவி

மார்கழி வாக்கில் மாமல்லபுரம் நாட்டிய விழாவுக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் கண்ணை ஆட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பக்கவாத்திய வரிசையில் இருக்கும் வயலினுக்குக் காதைக் கொடுக்கலாம். இத்தாலியின் கிரெமோனாவில் வயலின் செய்த ஸ்ட்ராடிவாரி கையில், ஐரோப்பாவின் பரோக் இசைக் காலத்தில் மெருகேறிய கருவி அது. மணலியில் வாழ்ந்த பாலுசாமி தீட்சிதர் (1786–1858) அதைக் கற்று நம் கர்நாடக இசைக்குப் பழக்கினார். அண்ணன் முத்துசாமி தீட்சிதரோ மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியமே எழுதிவிட்டார், அவைதான் நோட்டுஸ்வரங்கள்.

கருவிதானே வந்தது, பரோக் இசை வரவில்லையே என்பார்கள். பாதி உண்மை. நம்மவர்கள் தரையில் அமர்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப எனச் சுருதி சேர்த்தார்கள். ஆனால் சுரத்தை அசைக்கும் கமகம் வழுக்கி ஓட இடம் தந்தது, விரலைத் தடுக்கும் மெட்டுக்கட்டைகளே இல்லாத வயலினின் விரல்பலகைதான். தவிர, எழுதிய சுரத்தை மேடையிலேயே அலங்கரித்து விரிப்பது பரோக் கலைஞர்களுக்கும் வழக்கம். அடுத்த விழாவில் வயலின் இருக்கும் பக்கமாக இடம் பிடியுங்கள்.