ஒரே கேள்வி, நான்கு வாசல்கள்

அந்தோனி பர்ஜெஸ் 1962இல் எழுதிய 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்சு' நாவலை அதன் வன்முறைக்காகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் முதல் வரியோடு சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். அடுத்து என்ன செய்வதாக உத்தேசம் என்கிற சாதாரணத் தெருக்கேள்விதான் அது. பதினைந்து வயது அலெக்ஸும் கூட்டாளிகளும் அந்த இரவை எப்படிக் கழிப்பது என்று யோசிக்கும் வேளையில் எழுகிறது. யாரை அடிக்கலாம் என்பதற்கு மேல் அப்போது அதற்குக் கனமில்லை.

இரண்டாம் பாகமும் அதே கேள்வியோடு திறக்கிறது. அலெக்ஸ் இப்போது சிறையில்; இம்முறை கேட்பவர் சிறைப் பாதிரியார். மூன்றாம் பாகத்தின் வாசலில், வன்முறையை வெறுக்க வைக்கும் சிகிச்சை முடிந்து வெளியே நிற்கும் அலெக்ஸ் தன்னையே கேட்டுக்கொள்கிறான். பர்ஜெஸ் இசையமைப்பாளரும்கூட. ஒரே பல்லவிக்குச் சங்கதி மேல் சங்கதி போடும் வித்வானின் லாவகம் இது. அந்தச் சிகிச்சையில், வன்முறையை எண்ணினாலே குமட்டும்படி அலெக்ஸின் உடம்பைப் பழக்கிவிட்டார்கள். கேள்வி அவனிடம் பத்திரமாக இருக்கிறது. பதில் சொல்லும் உரிமைதான் போய்விட்டது. எத்தனை மென்மையாக, எத்தனை ஆழமாக வலிக்க வைக்கிறார்!

அந்தப் பாதிரியாரையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குடிப்பவர், பதவி உயர்வில் கண்ணுள்ளவர். ஆனாலும் சிகிச்சையின் வெற்றியை அதிகாரிகளுக்குக் காட்டும் மேடையில், அவமானப்படுத்தியவனின் பூட்ஸை அலெக்ஸ் நக்கும்போது, இவனால் இனி எதையும் தேர்ந்துகொள்ள முடியாதே என்று குரல் எழுப்புபவர் அவர்தான். நாவலின் மிகத் தூய சிந்தனையை ஒரு மாசற்ற ஞானியிடம் தராமல், இந்தத் தள்ளாடும் மனிதரிடம் ஒப்படைத்ததில் என்ன அருமையான கருணை!

இன்னொரு நுட்பம் இசை. சிகிச்சைக்காகத் திரையிடும் கொடூரப் படமொன்றின் பின்னணியில் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பனி ஒலிக்கிறது. அலெக்ஸ் பதறுவது தனக்காக அல்ல, பீத்தோவனுக்காக. தீமையைப் பிடுங்கப் போன கை, அவன் நெஞ்சில் இருந்த ஒரே அழகையும் வேரோடு பிடுங்கிவிடுகிறது. அவன் கொடியவன் என்பதை ஒரு கணமும் மறக்கவிடாமலே அவனுக்காக நம்மைக் கலங்க வைக்கிறாரே, அதுதான் கலை.

நான்காம் முறை அந்தக் கேள்வி வருவது 21ஆம் அத்தியாயத்தில். அன்றைய சட்டப்படி ஒருவர் முழு மனிதரான வயது என்பதாலேயே பர்ஜெஸ் அந்த எண்ணிக்கையை வைத்தார். சிகிச்சையின் பிடியிலிருந்து விடுபட்ட அலெக்ஸுக்கு இப்போது பதினெட்டு. பத்திரிகையில் கத்தரித்த ஒரு குழந்தையின் படம் அவன் பையில் இருக்கிறது. யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் ஊசி போடவில்லை. அடிதடி அவனுக்குத் தானாகவே அலுத்துப்போகிறது.

1963இல் வந்த அமெரிக்கப் பதிப்பில் இந்த அத்தியாயம் இல்லை. ஸ்டான்லி குப்ரிக்கின் 1971ஆம் ஆண்டுப் படமும் இதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் இது மீண்டும் சேர்ந்தது 1986இல்தான். வாங்கும்போது 21 அத்தியாயங்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.