எழுவாய் இல்லாத அழைப்பு

இலக்கியத்தைத் திறனாய்வு செய்யும் நாம், நாள்தோறும் கண்ணிற்படும் ஓர் எழுத்து வகையைத் திறனாய்வுக்கு உரியதென்று கருதுவதேயில்லை. வேலைவாய்ப்பு விளம்பரந்தான் அது. கவிதைக்கு அணி பார்க்கிறோம். சிறுகதைக்கு உருவமும் உள்ளடக்கமும் பார்க்கிறோம். நாவலின் பாத்திரம் எந்த வர்க்கத்தின் குரலிற் பேசுகிறது என்று ஆராய்கிறோம். ஆனால், பட்டம் பெற்று வெளியே வந்த இளைஞன் ஒருவனின் சில ஆண்டுகளை விழுங்கிவிடக்கூடிய நாலு வரியை மட்டும் வாசித்துவிட்டு அப்பாற் போய்விடுகிறோம். அந்த நாலு வரிக்கும் ஓர் ஆசிரியன் உண்டு, நோக்கம் உண்டு, நடை உண்டு, நெடியதொரு மரபும் உண்டு. சப்ரகமுவத் தோட்டப் பகுதியில் வாழும் நமக்கு அந்த மரபு புதியதன்று.

அவ்வெழுத்து பெரும்பாலும் இவ்வாறு அமையும்: "முகாமைத்துவப் பயிலுநர்கள் தேவை. அனுபவம் அவசியமில்லை. கவர்ச்சிகரமான வருமானம். தங்குமிடம் இலவசம். உடனே அழையுங்கள்." இரத்தினபுரியிலும் பலாங்கொடையிலும் யட்டியாந்தோட்டையிலும் ஒட்டப்படும் தாள்களிலும், இளைஞர் கைத்தொலைபேசிகளிலும் இதே வாசகம் சிற்சில மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வருகிறது. இதனை ஒரு செய்யுளைப் பதம் பிரித்துப் படிப்பதுபோலப் படித்துப் பார்ப்போம்.

முதற் குறை இலக்கணக் குறை. வாக்கியத்துக்கு எழுவாய் இல்லை. தேவை என்கிறார்கள், யாருக்குத் தேவை? தமிழில் தோன்றா எழுவாய் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், தோன்றா எழுவாய் கேட்போன் எளிதில் உய்த்துணரக்கூடியதாய் இருத்தல் வேண்டும். இங்கே இருப்பதோ மறைக்கப்பட்ட எழுவாய். நிறுவனத்தின் பெயர் இல்லை, பதிவு இல்லை, முகவரி இல்லை, ஒரு தொலைபேசி எண் மாத்திரமே உண்டு. பின்னொரு நாள் ஏமாந்தவன் வழக்காடப் புறப்பட்டால், எதிரியின் இடத்தில் நிறுத்துவதற்கு ஆளில்லை.

அடுத்துச் சொற்களைப் பார்ப்போம். சம்பளம் என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் வருமானம் என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. சம்பளம் கொடுப்பவனின் கடமை. வருமானமோ பெறுபவனின் சாமர்த்தியம். ஊழியர் என்பதற்குப் பதிலாகப் பயிலுநர் என்ற சொல் வருகிறது. ஊழியருக்கு உரிமைகள் உண்டு. பயிலுநருக்கு நன்றியுணர்வு மாத்திரமே உண்டு என்பது எழுதியவனின் எண்ணம். 'அனுபவம் அவசியமில்லை' என்பது, எங்கு சென்றாலும் அனுபவம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவனின் காயத்தை நன்கறிந்தவன் எழுதிய தொடர். 'உடனே' என்பது, அவன் பிறரிடம் விசாரித்தறியாதபடி அவனுக்கிருக்கும் ஒரே பாதுகாப்பான கால அவகாசத்தையும் பறித்துக்கொள்ளும் சொல்.

அழைத்தவரிடம் சென்றால் கதை தெளிவாகிவிடும். முகாமைத்துவம் என்பது தோளிற் பொதியுடன் வீடுவீடாய்ப் பொருள் விற்பது. வருமானம் என்பது விற்றதற்கான தரகு. தங்குமிடத்துக்கும் உணவுக்குமான செலவு அத்தரகிலிருந்து கழிக்கப்படுவதும் உண்டு. வேறு சில இடங்களிற் பயிற்சிக் கட்டணம் என்றும், பாதுகாப்பு வைப்பு என்றும் முதல் நாளே பணம் கேட்கப்படும். இன்னுஞ் சில இடங்களில் இரண்டு நண்பர்களைக் கொண்டுவந்து சேர்த்தாற்றான் பதவி உயர்வு. அவர்களும் தலைக்கு இருவரைச் சேர்த்தல் வேண்டும். இத்தகைய பிரமிட் திட்டங்களை நம் நாட்டின் வங்கிச் சட்டம் தடைசெய்துள்ளது. ஆயினும் நிறுவனத்தின் பெயர் மாறுகிறது, தொழில் மாறுவதில்லை.

சட்டம் முற்றாய் ஊமையாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், வேலை நிபந்தனைகளை ஊழியருக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும் என்கிறது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநரின் பங்காக 12 வீதமும் நிதிக்குச் செல்லவேண்டும். தரகு முறையில் ஊதியம் பெறுவோருக்கும் இது பொருந்தும். வெளிநாட்டுக்கு ஆள் சேர்ப்போர், 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். ஆனால், இந்தச் சட்டங்களுள் எதனையேனும் நம் பல்கலைக்கழகப் பட்டதாரி தன் பதினாறு, பதினேழு ஆண்டுக் கல்வியில் ஒரு தடவையாவது வாசித்திருக்கிறானா? கலிங்கத்துப் பரணியை வாசித்திருக்கிறான். நியமனக் கடிதத்தை வாசித்ததில்லை.

இனி, மரபுக்கு வருவோம். தேயிலைத் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி நம் முன்னோரை அழைத்து வந்தார்கள் என்பது மலையகத்தில் வாய்மொழியாய் வழங்கிவரும் கதை. அந்த வாக்கைச் சொன்னவன் ஆள்கட்டும் கங்காணி. அவன் சொன்ன பொய்யைவிட முக்கியமானது அவன் கொடுத்த முற்பணம். வழிச்செலவும் முற்பணமும் சேர்ந்து, தோட்டத்தில் முதற் கொழுந்தைக் கிள்ளுமுன்னரே தொழிலாளி கடன்காரனாகிவிட்டான். அந்தக் கடன் எழுதப்பட்ட தாளே 'துண்டு' எனப்பட்டது. கடனைத் தீர்ப்பவர் எவரோ அவரிடம் தொழிலாளி கைமாறினான். 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலைக்கு முன் கடன், கடனுக்குப் பின் அடிமைத்தனம் என்ற ஒழுங்கு அத்துடன் ஒழிந்ததா?

2024ஆம் ஆண்டின் செய்தியைப் பார்ப்போம். தரவு உள்ளிடும் வேலை, கணினி வேலை என்று நம்பிச் சென்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட இலங்கையர், மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டிருந்தமை அவ்வாண்டில் வெளிவந்தது. வேலை தேடிப் போனவர்கள், பிறரை ஏமாற்றும்படி அடித்து வேலை வாங்கப்பட்டார்கள். மியன்மாரில் மாத்திரம் 1,20,000 பேராவது, கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேர் இவ்வாறு அகப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் மதிப்பிட்டது. அங்கிருந்து வெளியேறப் பணம் கட்டவேண்டும்; கட்டாதவன் ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு விற்கப்படுவதும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒழிக்கப்பட்ட துண்டு, தாள் இல்லாமலே உயிர்த்தெழுந்திருக்கிறது.

அதே அறிக்கை கூறும் இன்னொரு செய்தி நம் சிந்தனைக்குரியது. அகப்பட்டவர்களிற் பலர் நன்கு படித்தவர்கள். பட்டமும் பட்டமேற்படிப்பும் உடையவர்கள். கணினி அறிவும் பன்மொழி அறிவும் வாய்ந்தவர்கள். 'படித்தவன் ஏமாறலாமா?' என்று கேட்போருக்கு இது விடை. கங்காணிக்குக் கைநாட்டு வைக்கும் கை தேவைப்பட்டது. இவர்களுக்கு விசைப்பலகையில் ஓடும் விரல்கள் தேவைப்படுகின்றன. ஆகவே, படித்தவனைத் தேடியே வலை வீசப்படுகிறது. அறியாமைதான் ஏமாற்றத்துக்குக் காரணம் என்ற பழைய முடிவை நாம் கைவிடவேண்டும். ஏமாற்றத்தின் ஊற்று தேவை. வேறு கதவு இல்லாமை.

இவ்வுண்மையை நம் நல்ல எழுத்தாளர்கள் முன்னமே உணர்ந்திருந்தார்கள். புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி'யில் மருதி இலங்கைத் தோட்டத்துக்கு வந்து சேர்வது பேராசையாலன்று. ஊரில் அவளுக்கு நிற்க நிழல் இல்லாமற் போனதால். பி. எச். டானியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று தந்த நாவல் ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றியது. மேஸ்திரியின் இனிய வாக்கு எவ்வாறு தீராத கடனாய் விளைகிறது என்பதை அது கணக்குப் புத்தகம்போல் விரித்துக் காட்டுகிறது. கோகிலம் சுப்பையா தம் மலையக நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்று 1964இல் பெயரிட்டபோது, அத்தலைப்பே ஒரு விமர்சனமாயிற்று. இம்மூவரும் ஏமாந்தவரைப் பார்த்து நகைக்கவில்லை. அழைத்தவனையும், அழைப்புக்குச் செவிசாய்க்க வைத்த ஊரையும் ஒருங்கே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள்.

இன்று என்ன நடக்கிறது? ஏமாந்த பட்டதாரியைப் பற்றி மேடையிலும் பத்திரிகையிலும் நாம் கேட்பதெல்லாம் 'பேராசை பெருநட்டம்' என்ற ஒற்றை நீதியே. இது நீதியுமன்று, இலக்கியமுமன்று. ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனுக்குப் புத்தி சொல்லும் கலை, அறிந்தோ அறியாமலோ ஏமாற்றியவனின் பக்கத்தில் நிற்கிறது. தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் கணக்கைப் பார்த்தால் பேராசை என்ற சொல் எழாது. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 1,350 ரூபாவாக இருந்தது. பயிற்சிக் கட்டணமென்று ஒருவன் 50,000 ரூபா கேட்டால், அது அக்கூலிப்படி ஒரு தாய் முப்பத்தேழு நாள் கொழுந்தெடுத்தோ பால் வெட்டியோ பெறுங் கூலி. அதைக் கடன் வாங்கியேனும் கட்டுகிறாளென்றால், அங்கே பேசுவது ஆசையன்று. மகன் மீண்டும் பிரட்டுக் களத்துக்கு வந்துவிடக்கூடாதே என்ற அச்சம்.

அரசாங்கத்துக்கும் இதிற் பங்கில்லையென்று சொல்வதற்கில்லை. 2015இல் தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்களாய் நியமிக்கப்பட்ட இளைஞர் மாதம் 6,000 ரூபாக் கொடுப்பனவில் வகுப்பறைக்கு அனுப்பப்பட்டனர்; பின்னரே அது 10,000 ரூபாவாயிற்று. 2020இல் சேர்க்கப்பட்ட பட்டதாரிப் பயிலுநருக்கு மாதம் 20,000 ரூபா. இவற்றை மோசடி என்று நாம் கூறவில்லை, நியமனம் நியமனந்தான். ஆனால், பயிற்சி, கொடுப்பனவு, பின்னர் நிரந்தரம் என்ற சொற்களுக்கு ஒரு தலைமுறையைப் பழக்கியது யார்? அரசாங்கமே சம்பளத்தைத் தள்ளிவைத்துக் கொடுப்பனவைக் காட்டும்போது, போலி நிறுவனத்தின் 'மூன்று மாதப் பயிற்சிக் காலம்' இளைஞனின் காதுக்கு அன்னியமாய் ஒலிப்பதில்லை.

சப்ரகமுவவின் நிலை இன்னும் இடர்மிக்கது. நுவரெலியாவின் பனியும் தேயிலையும் நம் மலையக இலக்கியத்தில் நிறைந்திருக்கின்றன. தெஹியோவிட்டையின் இறப்பர்க் காடுகளும், இறக்குவானை, காவத்தைத் தோட்டங்களும் அதில் அருகியே தோன்றுகின்றன. இங்கே தமிழ்த் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. பட்டம் பெற்று வரும் பிள்ளை பல குடும்பங்களில் முதற் பட்டதாரி. வேலை உலகத்தின் வாசலறிந்த மாமனோ அண்ணனோ அப்பிள்ளைக்கு இல்லை. பெலிஹுல்ஓயாவிற் பல்கலைக்கழகம் இருக்கிறது; ஆனால், அதன் வாயிலுக்கு அப்பால் வழிகாட்டுவோர் இல்லாத இடத்தைத் தொலைபேசி எண் ஒன்று நிரப்பிக்கொள்கிறது.

ஆகவே, ஆசிரியர்களாகிய நம் முன்னே இரு கடமைகள் உள்ளன. உயர்தர வகுப்பில் உரைநடைப் பயிற்சிக்கு ஒரு வேலை விளம்பரத்தையும் ஒரு நியமனக் கடிதத்தையும் எடுத்துக்கொள்வோம். எழுவாய் யார்? சம்பளமா, வருமானமா? யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்? வேலை தருபவன் வேலை செய்பவனிடம் பணம் கேட்டால் அந்த வாக்கியம் பொருளில் வழுவுடையது என்பதை மாணவர் அறியட்டும். வெளிநாட்டு அழைப்பாயின், பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேட்கவும், சுற்றுலா வீசாவில் வேலைக்குப் போவது வேலைக்குப் போவதன்று என்று உணரவும் பழக்குவோம். இது முதற் கடமை.

ஆயினும் இது குடைபோன்றது, மழையை நிறுத்தாது. உரிய சம்பளத்துடன் வேலை என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் ஒன்றாய் எழுப்பாதவரை, புதிய கங்காணிகள் புதிய பெயர்களில் வந்துகொண்டேயிருப்பார்கள். அக்கோரிக்கைக்குத் தோள் கொடுப்பது நம் இரண்டாவது கடமை. எழுதும் ஆற்றல் படைத்த இளைஞருக்கும் ஒன்று சொல்வோம். துண்டின் கதையை நம் பாட்டன்மார் எழுத முடியவில்லை. அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. பிறரே அதை எழுதினார்கள். இன்று ஏமாற்றப்பட்டவனுக்கு எழுத்துத் தெரியும். அவன் வெட்கத்தை விடுத்து எழுதட்டும்; தன் கதைக்கு எழுவாயாகத் தன்னை ஏமாற்றியவனை நிறுத்தி எழுதட்டும்.